எட்டுக் குடம் உப்புத் தண்ணீர்

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை சுல்தானா மூன்று தடவை படித்தாள். முப்பது தடவை படித்தாலும் அதில் இருந்தது இரண்டே வாக்கியம். தாங்கள் கேட்ட தொழில்நுட்ப விவரம் எங்கள் வியாபார ரகசியம், தர இயலாது. எங்கள் புரோகிராமைத் தவிர வேறு எதையாவது அந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் நாங்கள் பொறுப்பல்ல. கீழே புழு நெளிந்தாற்போல ஒரு கையெழுத்து.

அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. மிஷினை வாங்கியது தர்மபுரியில் இருக்கிற இந்தக் குடிநீர்த் திட்ட ஆபீஸ். அதை வெயிலில் தூக்கிக்கொண்டு கரடுமேடெல்லாம் அலைவது இவள். அதன் பின்பக்கத்தில் கேபிள் செருகுகிற போர்ட்டை எப்படி வேலை செய்ய வைப்பது என்பது மட்டும் சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் எவனோ ஒருவனுடைய ரகசியமாம். நல்ல நியாயம்!

அது 1989ஆம் வருஷத்துக் கோடை. அரூர்க்காரியான சுல்தானாவுக்கு இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, எங்கே போர் போட்டால் தண்ணீர் வரும் என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். தரையில் நாலு இரும்புக் கம்பிகளை அடித்து, அவற்றின் வழியாக மண்ணுக்குள் கரண்டு அனுப்ப வேண்டும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, கரண்டு ஆழமாய்ப் போகும். ஈரமான பாறை கரண்டை விடும், காய்ந்த பாறை விடாது. ஒரு மீட்டர் அதை அளந்து, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மீட்டரில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் சொன்னால்தான் உண்டு. மடியில் வைத்து வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் என்று பெயர். அரை மணி வைத்திருந்தால் தொடை கன்றிப்போகும்.

அந்தக் கம்ப்யூட்டரில் கம்பெனியின் புரோகிராம் கடைசியில் காட்டுவது ஒரே ஒரு வார்த்தை. உண்டு, அல்லது இல்லை. அவ்வளவுதான். எத்தனை அடியில், எந்த எண்ணை வைத்து என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று அதை எழுதியவன் நினைத்துவிட்டான்.

போன மாதம் ஏரியூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அளந்தார்கள். ஊருக்கு ஒரே ஒரு போர்தான் சேங்ஷன் ஆகியிருந்தது. இரண்டு இடம் பார்த்தார்கள். காலனியை ஒட்டிய புறம்போக்கில் ‘இல்லை’ என்று வந்தது. பெரியண்ணன் என்கிற பெரிய பட்டாதாரரின் தோட்டத்தில் ‘உண்டு’ என்று வந்தது. உதவிப் பொறியாளர் வெங்கடாசலம் அப்படியே எழுதி ஃபைலை மூடிவிட்டார். பெரியண்ணன் தோட்டத்தில் ஏற்கெனவே கிணறு இருக்கிறது, பம்ப்செட்டும் இருக்கிறது. சர்க்கார் போரும் அங்கேயே விழுந்தால் காலனிப் பெண்கள் ஒவ்வொரு குடத்துக்கும் அவர் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும். கதவு திறந்தால் தண்ணீர், திறக்காவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு ஜீப்பில் ஏறப்போன சுல்தானாவைக் காலனியைச் சேர்ந்த குள்ளம்மாள் மறித்துக்கொண்டாள். நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

“ஏம்மா, எங்க பக்கம் தண்ணி இல்லைன்னு சொல்லுதே உம் பொட்டி. எத்தன அடி பாத்துட்டு இல்லைன்னு சொல்லுது?”

சுல்தானாவுக்குப் பதில் தெரியவில்லை. படித்தவள், மிஷினை இயக்குகிறவள், அவளுக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், “அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். அரூர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் அந்தப் பதில் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாளே பெங்களூரில் வேலை பார்க்கிற தன் தோழி அமீனாவுக்கு எழுதினாள். பத்து நாளில் ஏழு பிளாப்பிகள் தபாலில் வந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், மாற்றட்டும், அடுத்தவருக்குக் கொடுக்கட்டும் என்று விட்ட ஆபரேட்டிங் சிஸ்டம். உள்ளே ஒவ்வொரு வரியும் திறந்து கிடந்தது. அதை வைத்துக்கொண்டால் மீட்டர் அனுப்புகிற எண்களைத் தானே வாங்கித் திரையில் காட்டலாம் என்று சுல்தானா கணக்குப் போட்டாள்.

கீ போர்டு வேலை செய்தது. திரை வேலை செய்தது. மீட்டர் கேபிளைச் செருகுகிற போர்ட் மட்டும் செத்துக் கிடந்தது. கம்பெனி பிளாப்பியைப் போட்டால் உயிர் வருகிறது, அமீனாவின் பிளாப்பியைப் போட்டால் போய்விடுகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க மிஷின் அந்தப் போர்ட்டைத் தூங்க வைத்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. எதைச் சொன்னால் எழுந்திருக்கும் என்று கேட்டுத்தான் கம்பெனிக்குக் கடிதம் போட்டிருந்தாள். அதற்குத்தான் இந்த இரண்டு வாக்கியம்.

கடிதத்தை வெங்கடாசலத்தின் மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துவிட்டு, “கரெக்டாத்தானே எழுதியிருக்கான்?” என்றார்.

“என்ன சார் கரெக்டு? நம்ம மிஷினு சார் இது.”

“ஏம்மா, இருக்கறத வச்சு வேலையப் பாக்காம இத ஏன் நோண்டிட்டு இருக்கற? பன்னண்டாம் தேதி போர் போடற ரிக்கு வருது. பாயிண்டு ஃபிக்ஸ் பண்ணியாச்சு. பெரியண்ணன் சம்மதக் கடுதாசியும் குடுத்துட்டாரு.”

“காலனியில இன்னொரு தடவ அளந்து பாக்கறேன் சார்.”

“எந்தப் புரோகிராமுல? ஓசியில வந்ததுலயா? அத ஃபைல்ல வச்சா என் வேலை போயிரும்.” கடிதத்தை அவளிடமே தள்ளிவிட்டார்.

இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த ஒன்பதில் நாலு நாளை சுல்தானா போர்ட்டோடு மல்லுக்கட்டியே தொலைத்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூட மிஷின் முன்னால் பழியாகக் கிடந்தாள். ஆபீஸில் யாராவது “என்னாச்சு?” என்று கேட்டால் எரிந்து விழுந்தாள். அப்புறம் யாரும் கேட்பதில்லை.

ஐந்தாவது நாள் பென்னாகரம் பக்கம் வேறொரு வேலையாகப் போனபோது, அவள் எரிச்சல் டிரைவர் மாதையன் மேல் திரும்பியது. அரை மணியாக ஜீப் மரத்தடியில் உறுமிக்கொண்டே நின்றது. புகை நேராக அவள் முகத்துக்கு வந்தது.

“மாதையண்ணா, வண்டிய அணைக்க மாட்டீங்களா? டீசல் என்ன உங்க வூட்டுக் கெணத்துலயா ஊறுது?”

“அணைச்சா நீங்கதாம்மா எறங்கித் தள்ளணும். பேட்டரி போயி ரெண்டு மாசமாச்சு. காலையில ஆபீஸ்ல நாலு பேரு தள்ளுனா ஸ்டார்ட் ஆவும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் அணைக்கறதே இல்லீங்க.”

சுல்தானா திட்டுவதற்காகத் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் ஜீப்பின் பின்சீட்டில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

இத்தனை நாளும் கம்பெனி பிளாப்பியை எடுத்ததும் மிஷினை அணைத்துவிட்டுத்தான் அமீனாவின் பிளாப்பியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் சுத்தமான வேலை என்று படித்திருந்தாள். இப்போது கம்பெனி பிளாப்பியைப் போட்டாள். போர்ட் விழித்துக்கொண்டது. மிஷினை அணைக்காமல், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, அமீனாவின் பிளாப்பியிலிருந்து தொடங்க வைத்தாள். கம்பெனி புரோகிராம் போய்விட்டது. போர்ட் விழித்தே இருந்தது!

அதற்கு மேல் வேலை சுலபம். போர்ட் தூங்கும்போது மிஷினுக்குள் எந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று ஒரு பட்டியல், விழித்திருக்கும்போது ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். நூற்றுக்கணக்கில் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. ஒரே ஒரு இடத்தில் நாலு என்றிருந்தது பன்னிரண்டாக மாறியிருந்தது. அந்த இடத்தில் பன்னிரண்டைப் போடு என்று ஒரு வரி எழுதினாள். கம்பெனி பிளாப்பியே இல்லாமல் போர்ட் எழுந்து உட்கார்ந்தது.

ஒரு வரி! அவளுக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. ஒரு வரியைச் சொல்வதற்கு அந்த ஆளுக்கு என்ன கேடு? கடிதத்தில் இரண்டு வாக்கியம் எழுதத் தெரிந்தவனுக்கு இதை எழுதக் கை வரவில்லையே. அந்த வரியை அமீனாவுக்கு ஒரு கார்டில் எழுதி, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடு என்று கீழே கோடு போட்டு, அன்றைக்கே தபால் பெட்டியில் போட்டாள்.

பத்தாம் தேதி காலையில் காலனிக்குப் போனார்கள். வெங்கடாசலமும் கூட வந்தார். வர மாட்டேன் என்றுதான் சொன்னார். பெரியண்ணன் இளநீர் வெட்டி வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியதும் வந்துவிட்டார். வந்தவர் தோட்டத்தோடு நின்றுகொண்டார்.

புறம்போக்கில் கம்பிகளை அடித்தார்கள். கம்பி அடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் உப்புக் கலந்த தண்ணீரை ஊற்றி மண்ணை நனைக்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் கம்பியிலிருந்து கரண்டு உள்ளே இறங்காது. போன மாதமும் இப்படித்தான் செய்தார்கள். கம்பியை மாற்றி மாற்றி அடிக்கிற எட்டு இடத்துக்கு எட்டுக் குடம் தேவை என்று சுல்தானா சொன்னாள். குள்ளம்மாளும் இன்னும் ஏழு பெண்களும் குடத்தோடு வந்து நின்றார்கள். உப்புப் பொட்டலத்தைக் குள்ளம்மாள் கையில் கொடுத்துவிட்டு சுல்தானா நடுவில் மீட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கம்பிகள் நூறு அடி, இருநூறு அடி தள்ளி இருந்தன. அங்கிருந்து குள்ளம்மாள் கையைத் தூக்கினால் தயார் என்று அர்த்தம்.

கை உயர்ந்தது. சுல்தானா பொத்தானை அமுக்கினாள். முதல் தடவையாக மீட்டர் அனுப்புகிற எண்கள் அவள் கண் முன்னால் வந்தன. நானூற்றுப் பத்து. அடுத்தது தொள்ளாயிரத்து முப்பது. அடுத்தது இருநூற்று ஆறு. மறுபடி எண்ணூறு.

ஒரே இடம், ஒரே கம்பி, எண் மட்டும் தவளை மாதிரி குதித்தது. தன் புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தாள். கேபிளை உருவிச் செருகினாள். இரண்டாவது தூரத்தில் அளந்தாள். அதே குதியாட்டம். இவற்றைக் கூட்டிக் கழித்துத்தான் கம்பெனி புரோகிராம் போன மாதம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது.

எழுந்து கம்பி அடித்த இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். குனிந்து மண்ணைத் தொட்டாள். மேலே ஒரு விரல் ஆழத்துக்குத்தான் ஈரம். அடியில் சூடாக, புழுதியாக இருந்தது. இன்னொரு கம்பிக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க? ஒரு எடத்துக்கு ஒரு கொடம்னு சொன்னேன்ல? இத ஊத்துனதுன்னு சொல்லுவீங்களா? உங்களுக்காகத்தானே நான் ஒரு மாசமா நாய் மாதிரி அலையறேன்! உங்க ஊருக்குத்தானே தண்ணி? ஒரு கொடம் தண்ணி ஊத்த முடியாதா உங்களால?”

பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குள்ளம்மாள் குனியவில்லை.

“முடியாதும்மா” என்றாள். “ரெண்டு மைலு நடந்து, ஊத்துல சொரண்டிச் சொரண்டி மொண்டாந்த தண்ணி. ஒரு வூட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கொடம். அதுல ஒண்ணத்தான் நீ கேட்ட. எம் மருமவ பெத்து ஒம்பது நாளாச்சு, அவளுக்கு வெந்நி வெக்கணும். அந்தத் தண்ணியில உப்பக் கொட்டி மண்ணுல ஊத்துன்னா கை எப்படிம்மா வரும்? ஒரு சொம்பு மொண்டு உப்புப் போட்டு ஊத்துனோம். மீதிய வூட்டுக்குக் கொண்டு போனோம். போன மாசமும் அப்படித்தான் செஞ்சோம்.”

பெரியண்ணன் தோட்டத்தில் போன மாதம் யாரும் குடம் தூக்கவில்லை. அவர் மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பால் கம்பியைச் சுற்றிக் குட்டையே கட்டிவிட்டார். சேறு மிதித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது சுல்தானாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கே ‘உண்டு’ என்று வராமல் எப்படிப் போகும்?

கோபம் அவளை விட்டுப் போகவில்லை. ஆள்தான் மாறிவிட்டது. தன்னையே பளாரென்று அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இவர்களைப் பார்த்தா முடியாதா என்று கத்தினோம்!

“அக்கா, மன்னிச்சுக்கங்க” என்றாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் எதிரில் தரையில் வைத்தாள். “இந்த எண்ணப் பாருங்க, குதிக்குது. மண்ணு நனைஞ்சா இது ஒரே எடத்துல நிக்கும். நனையாம இது சொல்றது எல்லாம் பொய்யி. போன மாசம் சொன்னதும் பொய்யி.”

“ஊத்துனா, தண்ணி இருக்குன்னு வந்துருமா?”

“தெரியாதுக்கா. இல்லைன்னும் வரலாம். ஆனா நெஜமா இல்லைன்னு வரும்.”

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி, வேண்டாம், வேலிக்கே போய் நின்றுகொள்ளலாம் என்றாள். இன்னொருத்தி அவளை முறைத்தாள். குள்ளம்மாள் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினாள். சர்க்காரையா, பெரியண்ணனையா, சுல்தானாவையா என்று தெரியவில்லை. பிறகு வீட்டுக்குப் போய், காலையில் கொண்டுபோய் வைத்த குடத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் போனார்கள்.

உப்பைப் போட்டு, குடத்தைக் கவிழ்த்தார்கள். எட்டுக் குடமும் கவிழ்ந்தன. ஒரு பெண் ஊற்றிவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் குடித்துவிட்டது.

சுல்தானா பொத்தானை அமுக்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதினொன்று. நானூற்றுப் பன்னிரண்டு. எண் நின்றது. கம்பியைத் தள்ளித் தள்ளி அளக்க அளக்க எண் ஏறிக்கொண்டே போனது. காய்ந்த பாறை. நூற்றைம்பது அடி ஆழத்துக்கும் ஏறிற்று. நூற்றெண்பது அடியில் சட்டென்று இறங்கியது. இருநூறில் இன்னும் இறங்கியது. கீழே வெடிப்புப் பாறை, அதில் ஈரம் இருக்கிறது. குள்ளம்மாளிடம் அதை அடிக்கணக்கோடு சொன்னாள். குள்ளம்மாள் சிரிக்கவில்லை. “சரி, உங்க ஆபீசரக் கூப்புடு” என்றாள்.

வெங்கடாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பெரியண்ணனும் வந்தார். எண்களைக் காட்டியபோது வெங்கடாசலம் திரையைப் பார்க்கவே இல்லை.

“ஓசிப் புரோகிராமு சொன்னதெல்லாம் ஃபைல்ல ஏறாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“ஏற வேண்டாம் சார்.” சுல்தானா பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனி பிளாப்பியை எடுத்துப் போட்டாள். “உங்க புரோகிராமையே ஓட்டுங்க. அதே எடம், அதே கம்பி. ஈரம் காயறதுக்குள்ள பாத்துருவோம்.”

மறுபடி எல்லாத் தூரமும் அளந்தார்கள். கம்பெனி புரோகிராம் கொஞ்ச நேரம் முக்கியது. பிறகு போன மாதம் ‘இல்லை’ என்று சொன்ன அதே நிலத்தைப் பார்த்து, அதே திமிரோடு, ‘உண்டு’ என்றது.

பெரியண்ணன், “அதெப்படிங்க, மாத்தி மாத்திச் சொல்லுது?” என்றார். வெங்கடாசலம் திரையில் வந்த வார்த்தையைப் பார்த்தார். காலனி ஆட்கள் முழுக்கச் சுற்றி நிற்பதையும் பார்த்தார். பிறகு முகத்தை மலர்த்திக்கொண்டு, “பாத்தியாம்மா, கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான். தெளிவாச் சொல்லிருச்சு பாரு. பாயிண்ட இங்கயே மாத்திடலாம்” என்றார். அங்கேயே ஃபைலைத் திறந்து கையெழுத்தும் போட்டார். பெரியண்ணன் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் சுல்தானாவுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. குள்ளம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். இத்தனையும் தெரிஞ்ச பொட்டி, போன மாசம், மண்ணு நனைஞ்சுதான்னு ஒரு வார்த்த கேட்டுச்சா?”

“அது கேக்காதுக்கா. கேக்கற மாதிரி அத எழுதல.”

“நீ கேட்டியா?”

“இல்ல. நானும் கேக்கல.”

சுல்தானா மாதையனைக் கூப்பிட்டு, எட்டுக் குடத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏரியூருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாள். அப்ப நான் எப்படிப் போறது என்று வெங்கடாசலம் கேட்டார். எட்டுக் குடம் வைத்தால் ஆள் உட்கார இடம் இருக்காது சார், இருங்க என்றாள் அவள், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

பிறகு வெயிலிலேயே மண்ணில் உட்கார்ந்து, அமீனாவின் பிளாப்பியைப் போட்டு, தன் புரோகிராமைத் திறந்தாள். திறக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அளப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும்படி எழுதினாள். திரையில் தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் வைத்தாள். குள்ளம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுதற?”

“தண்ணி ஊத்தியாச்சான்னு இனிமே இது கேக்கும். பதில் சொன்னாத்தான் அளக்கும்.”

குள்ளம்மாள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“அது மட்டும் போதாது” என்றாள். “யாரு வூட்டுத் தண்ணின்னும் கேக்கச் சொல்லு.”

சுல்தானா அதையும் எழுதினாள்.